வேகத்துக்கு ஒரு விலை
கார் எஞ்சினில் டர்போ சார்ஜர் பொருத்தும் மோகம் இளைஞர்களை விடுவதாக இல்லை. எஞ்சின் எவ்வளவு தாங்கும் என்பதுதான் கேள்வி.

டில்லி காஷ்மீரி கேட், மும்பை குர்லா, பெங்களூர் ஜே.சி. ரோடு. உதிரி பாகங்களுக்குப் பேர்போன இந்தச் சந்தைகளில் தேடினால் கிடைக்காத கார் சாமான் குறைவு. நத்தை ஓட்டைப் போல் சுருண்ட ஒரு வார்ப்பிரும்புச் சாமானும் அதில் அடக்கம். உடைத்த டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போ சார்ஜர் அது. தன் பழைய பெட்ரோல் காரில் அதைப் பொருத்தினால் கார் பறக்கும் என்பது வாங்குபவரின் கனவு. பறக்கும் என்பதில் பொய் இல்லை. எத்தனை நாளுக்கு என்பதில்தான் விவகாரம்.

தத்துவம் எளிமையானது. எஞ்சின் வெளியேற்றும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம், அதற்கேற்ப பெட்ரோல் அதிகம், சக்தியும் அதிகம். ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. வீணாகும் புகையைக் கொண்டே வேலை வாங்குவதால், பார்ப்பதற்கு இலவச சக்தி.

இலவசம் என்று எதுவும் இல்லை. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு பம்ப் சூடாவது தெரியும். டர்போவிலும் அதே கதை. நாக்பூரின் மே மாத 45 டிகிரிக் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், அதன் சூடு 100 டிகிரியைத் தொட்டுவிடும். இன்டர்கூலர் வைத்துக் குளிர்விக்காவிட்டால், ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி வருமுன்பே சிலிண்டரின் மூலைகளில் பெட்ரோல் தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்வது இதைத்தான். சாதாரண எஞ்சினில் லேசான நாக்கிங் வெறும் சத்தத்தோடு போய்விடலாம். டர்போவின் அழுத்தத்தில் அது பிஸ்டனின் விளிம்பை உடைக்கும். ஹெட் கேஸ்கட்டைப் பிய்க்கும்.

பெரிய கம்பெனிகளே இதில் திணறியிருக்கின்றன. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் 1962இல் கொண்டுவந்த ஜெட்ஃபயர், டர்போவுடன் விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் பீய்ச்சினார்கள். திரவம் தீர்ந்தால் ஊற்றவேண்டியது காரின் சொந்தக்காரர் பொறுப்பு. பலர் ஊற்றவில்லை. 1963உடன் கார் நின்றது. பிறகு பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டரை மாட்டினார்கள்.

எவ்வளவு தாங்கும்?

ஒவ்வொரு எஞ்சினிலும் தயாரிப்பாளர் தேவைக்கு மேல் கொஞ்சம் பலம் வைத்திருப்பார். எஞ்சின் நீண்ட நாள் உழைப்பது அந்த மிச்சத்தால். டர்போ கைவைப்பதும் அதில்தான். இன்டர்கூலர், கூடுதல் எரிபொருள், திருத்திய கம்ப்யூட்டர் கணக்கு இவற்றோடு, நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் அழுத்தத்தை வளிமண்டலத்துக்கு மேல் 0.3, 0.4 பார் அளவோடு நிறுத்தினால், பல எஞ்சின்கள் பிழைத்துக்கொள்ளும். அதையே 1 பாருக்கு ஏற்றினால் பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாவற்றையும் மாற்றவேண்டும். அப்போது செலவில் டர்போவின் பங்கு சொற்பம்தான்.

தொழிற்சாலை எப்படிச் செய்கிறது என்பதற்கு இந்தியச் சாலைகளிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஃபியட் லீனியாவின் 1,368 சி.சி. பெட்ரோல் எஞ்சின் தந்தது 90 குதிரைத் திறன். 2010இல் வந்த டி-ஜெட் மாடலில் அதே 1,368 சி.சி., டர்போவுடன், 114. கூடியது கால் பங்குக்குச் சற்று மேல்தான். பிஸ்டன் முதல் எரிபொருள் அமைப்பு வரை டர்போவுக்கென்றே வடிவமைத்த கம்பெனி அத்தோடு நிறுத்திக்கொண்டது. அந்த எஞ்சின் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடவேண்டும் என்பது அதன் கவலை.

அந்தக் கவலை இல்லாதவர்கள் எங்கேயும் போகலாம். 1980களின் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் பி.எம்.டபிள்யூவின் ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சின் 1,000 குதிரைத் திறனைத் தாண்டியது. சாலைக் காரின் எஞ்சின் பிளாக்கிலிருந்து உருவானதுதான் அது. ஆனால் தகுதிச் சுற்றுக்கான எஞ்சினின் ஆயுள் சில சுற்றுகளே.

சந்தையில் வாங்கும் பழைய டர்போவுக்குத் தனிச் சங்கடங்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் அதன் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. டீசல் புகையைவிட பெட்ரோல் புகை சூடானது. 900 டிகிரியைத் தாண்டும். டீசலுக்கென்று செய்த டர்போ அதை நெடுநாள் தாங்காது. வேகமாக ஓட்டிவந்து உடனே எஞ்சினை நிறுத்தினால், உள்ளே தேங்கிய எண்ணெய் கருகி பேரிங்கைத் தின்றுவிடும். எஞ்சின் தப்பினாலும் கிளட்ச் வழுக்கும், கியர்பாக்ஸ் முனகும். பழைய சக்திக்காகச் செய்த பிரேக்குகளை நம்பித்தான் புதிய வேகம்.

சட்டமும் சாதகமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பின் தெரியவந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அது ஒன்றே போதும்.

பந்தயத் திடலில் மட்டும் ஓட்டுபவருக்கு உடைந்த எஞ்சின் ஒரு செலவுக் கணக்கு. தினமும் அலுவலகம் போய்வரும் குடும்பக் காருக்கு அது நெடுஞ்சாலையில் நடுராத்திரி. ஆசையை அடக்க முடியாதவர்கள் முதலில் செய்யவேண்டியது, சிலிண்டர்களின் கம்ப்ரஷனை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் சோதிப்பது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சினாக இருந்தால் பெரும்பாலும் ஆசை அங்கேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால், தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய சிறிய பெட்ரோல் கார்கள் இப்போது ஷோரூமிலேயே கிடைக்கின்றன. வாரண்டியோடு.