தொடுதல் மீண்டும் இதமாக...

கணவர் அன்பானவர்தான். ஆனாலும் இரவில் அவர் கை தோளில் பட்டதும் உடம்பு விறைத்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் பலருக்கு இந்த அவஸ்தை உண்டு. வெளியே சொல்லாத ஆண்களுக்கும் உண்டு. 'கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்' என்று வீட்டார் சொல்லும் சமாதானம் இவர்களைக் கூடுதலாக வதைக்கிறது.

இது துணையின் மீதான வெறுப்பு அல்ல. ஆபத்தில் மூளை கற்றுக்கொண்ட தற்காப்பு. அன்றைய இருட்டோ வாசனையோ மறுபடி வந்தால் உடம்பு பழையபடி உஷாராகிறது. 'ஏன் கத்தாமல் இருந்தேன்?' என்று குமைபவர்களுக்கு ஒரு தகவல். ஸ்டாக்ஹோமில் வன்கொடுமைக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. சம்பவ நேரத்தில் கைகால் அசைக்க முடியாமல் உறைந்துபோனதாகச் சொன்னவர்கள் 70 சதவீதம். அதைச் சம்மதம் என்று யாரும் சொல்லக் கூடாது.

தாம்பத்தியச் சிக்கல்களுக்காக அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970-ல் படிப்படியான தொடுதல் பயிற்சியை எழுதி வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே தொடுதலை மறுபடி பழகும் பயிற்சிகளை 1991-ல் தன் நூலில் தந்தார் அமெரிக்கச் சிகிச்சையாளர் வெண்டி மால்ட்ஸ்.

இத்தகைய பயிற்சியை வீட்டில் தொடங்கும் முன், இப்போதைக்கு உடலுறவு இல்லை என்று தம்பதி இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். விளக்கு எரியட்டும், உடை இருக்கட்டும். பாதிக்கப்பட்டவரே துணையின் உள்ளங்கையைத் தொட்டுத் தொடங்கலாம். பயம் கிளம்பினால் நிறுத்திவிட்டு, பாதத்தைத் தரையில் ஊன்றி, அறையில் கண்ணில் படும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லலாம். 'போதும்' என்றதும் துணை கையை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் பயிற்சி வீண். மறுத்தாலும் அன்பு குறையாது என்று திரும்பத் திரும்பக் கண்ட பிறகுதான் மனசு இணங்கத் துணியும்.

பின்னர் உடலுறவின்போது வலி இருந்தால் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம். பயத்தில் இடுப்புத் தளத் தசைகள் இறுகுவதும் காரணமாகலாம். மகப்பேறு மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் உதவுவார்கள். மன அதிர்ச்சிக்கு ஆலோசனை வேண்டுவோர் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐ அழைக்கலாம். துணையே வன்முறை செய்பவர் என்றால் இந்தப் பயிற்சி எதுவும் பொருந்தாது. முதலில் பாதுகாப்பு; பெண்கள் தங்களுக்கான உதவி எண் 181-ஐ அழைக்கலாம்.

சிலருக்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள். நடுவில் பின்னடைவு வந்தாலும் பட்ட பாடு வீணாகிவிடாது. எப்போது, எதுவரை என்பதைப் பாதிக்கப்பட்டவரே தீர்மானிக்கட்டும். அன்று பறிக்கப்பட்டது அந்த உரிமைதான்.