நந்தியாவட்டை வேலியும் பச்சைப் புழுவும்

ஐப்பசி மழை இரண்டு தடவை நன்றாகப் பெய்து ஓய்ந்ததும், மயிலாப்பூர், மந்தைவெளி, தியாகராயநகர், அடையாறு முதலிய இடங்களில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நமது அங்கத்தினர்களிடமிருந்து ஆண்டுதோறும் ஒரே முறையீடு வருகிறது. நேற்றுவரை தழைத்து நின்ற நந்தியாவட்டை வேலி இன்று காலையில் வெறும் குச்சியாய் நிற்கிறது. பூசைக்குப் பூ இல்லை. தெருவில் போகிறவர்களுக்கு வீட்டு முற்றம் முழுவதும் தெரிகிறது. உடனே என்ன மருந்து அடிக்கலாம்? இதுவே முறையீடு. மருந்தைப் பற்றிப் பேசுமுன் அந்த வேலியைத் தின்றது யார், எப்பொழுது தின்றது என்பதை அறிந்துகொள்வது நல்லது. அறிந்தபின் பெரும்பாலும் மருந்தே வேண்டியிராது என்பது நமது அபிப்பிராயம்.

தின்றது பெரும்பாலும் ஒரு பச்சைப் புழு. நம் சுண்டுவிரல் நீளத்துக்கு மேலும் வளரக்கூடியது. தலைக்குச் சற்றுப் பின்னால் வெள்ளையும் நீலமுமாய் இரண்டு கண்போன்ற புள்ளிகள் இருக்கும். வால் பக்கத்தில் ஒரு கொம்பு இருக்கும். தொட்டால் தலையை உள்ளிழுத்து, அந்தப் பொய்க்கண்களை விரித்துக் காட்டும். குழந்தைகள் பாம்புக்குட்டி என்று அலறுவதும் உண்டு. இது கடிப்பதில்லை, கொட்டுவதில்லை, இதன் உடலில் அரிக்கும் மயிரும் இல்லை. அந்திவேளையில் மலர்களுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடித்துவிட்டு அம்புபோல் பறந்துபோகும் பெரிய அந்துப்பூச்சியின் குழந்தை இது. விஞ்ஞானிகள் இதற்கு இட்ட பெயர் டாப்னிஸ் நீரியை. பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்து பளிங்கில் வரைந்தாற்போன்ற இறக்கைகளை உடைய அந்தத் தாய்ப்பூச்சி, அரளியிலும் நந்தியாவட்டையிலும் ஒவ்வொரு முட்டையாக இலைமேல் ஒட்டி வைத்துச் செல்கிறது. மழைக்குப்பின் தளிர் மிகுதியாக விடும் காலமே அதற்கு உகந்த காலம்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். முட்டையிலிருந்து சில நாட்களில் வெளிவரும் புழு ஊசி முனையளவே இருக்கும். அது வளர்ந்து முடிய ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆகின்றன. அவ்வளவு நாட்களிலும் அது தின்னும் இலையில் பெரும்பகுதியைக் கடைசி நான்கைந்து நாட்களிலேயே தின்று தீர்க்கிறது. ஆகவே, "ஒரே இரவில் அழிந்துவிட்டது" என்று நாம் கருதுவது சரியன்று. புழு இரண்டு வாரங்களுக்குமேல் அங்கேயே இருந்திருக்கிறது, நாம்தான் காணவில்லை. வேலி மொட்டையாகி நம் கண்ணுக்குப் படும் சமயத்தில் புழு தன் வேலையை முடித்துக்கொண்டு, பழுப்பு நிறம் பெற்று, கீழே இறங்கிச் சருகுக்கடியில் கூட்டுப்புழுவாக மாறத் தொடங்கியிருக்கும். அப்பொழுது வாங்கிவந்து அடிக்கும் மருந்து குச்சியின்மேல் விழுகிறது, புழுவின்மேல் விழுவதில்லை. பணமும் போயிற்று, விஷமும் தங்கிற்று.

அப்படியானால் முன்கூட்டி அறிவது எப்படி? இலையை அண்ணாந்து பார்த்துத் தேடவேண்டாம். பச்சை இலையில் பச்சைப் புழுவைக் காண்பது பழகிய கண்ணுக்கே கடினம். தரையைப் பாருங்கள். காலையில் வாசல் பெருக்கும்போது வேலியடியில் ஆட்டுப்புழுக்கையைச் சிறிதாக்கினாற்போல் கரும்பச்சை உருண்டைகள் கிடந்தால், அதற்கு நேர் மேலே புழு இருக்கிறது என்று பொருள். கடுகளவு உருண்டையானால் புழு சிறியது, மிளகளவானால் பெரியது. வீட்டில் பெருக்குகிறவருக்கு இதை ஒருமுறை காட்டிக்கொடுத்துவிட்டால், அவரைவிடச் சிறந்த பூச்சி நிபுணர் அந்தத் தெருவில் இருக்கமாட்டார். பிறகு ஒரு பழைய தகரத்தில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் புழுக்களைக் கிளையோடு ஒடித்துப் போட்டுவிடலாம். இருபது அடி வேலிக்குக் கால்மணி நேரம் போதும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நான்கு நாட்களுக்கு ஒருமுறை செய்தால் வேலி தப்பும். அரளியின் பால் நஞ்சாதலால், அரளி வேலியில் இவ்வேலை செய்தவர்கள் கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே உணவைத் தொடவேண்டும்.

ஒருவேளை கவனிக்கத் தவறி வேலி மொட்டையாகிவிட்டால்? ஒன்றும் செய்யவேண்டாம் என்றே சொல்லுவோம். நந்தியாவட்டையும் அரளியும் வேர் உறுதியான செடிகள். தண்ணீரும், ஒரு கூடை மட்கிய எருவும் இட்டால் சில வாரங்களில் மறுபடி தழைக்கும். பொறுக்கமுடியாமல் மருந்து அடித்ததால் விளைந்த கேட்டை நாமே கண்டிருக்கிறோம். மந்தைவெளியில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கடைக்காரர் கொடுத்த கடுமையான பூச்சிமருந்தை இரண்டு தடவை அடித்தார்கள். புழு செத்தது உண்மை. ஆனால் அதற்கடுத்த தலைமுறைப் புழு முன்னிலும் மிகுதியாக வந்தது. காரணம் எளியது. புழுவின் உடலிலேயே முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகள், ஒட்டுண்ணி ஈக்கள், புழுவைக் கொத்தித் தின்னும் மைனா, செம்போத்து, வேலியில் குடியிருக்கும் ஓணான் ஆகிய இவை எல்லாம் கூலியில்லாமல் நமக்கு வேலைசெய்பவை. விஷத்தால் குளவியும் ஈயும் மடிந்தன. பறவைகள் அந்தப் பக்கம் வருவதை விட்டன. வெளியிலிருந்து பறந்துவரும் தாய்ப்பூச்சிக்கோ எந்தத் தடையும் இல்லை.

எல்லா வேலிக்கும் ஒரே புழு அன்று. அரளியில், உடலில் நான்கு ஜோடி கரிய உணர்கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் வரிப்புழுவைக் கண்டால் அதை விட்டுவிடுங்கள். அது ஒரு கரும்பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு, தின்பது சிறிது. இலையடியில் தொங்கும் அதன் கூடு பொன்முலாம் பூசிய காதணிபோல் மின்னும். குழந்தைகளுக்குக் காட்டவேண்டிய பொருள் அது. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முதலில் பறவை எச்சம்போலவும் பிறகு பச்சையாகவும் இருக்கும் புழு, தொட்டவுடன் தலைக்குப் பின்னிருந்து ஒரு கவைக்கொம்பை நீட்டி நாற்றம் வீசும். நாளை ரசத்தில் போடும் இலையில் விஷம் தெளிப்பது அறிவீனம். கையால் எடுப்பதே வழி.

வேலியோரத்து முருங்கையின் கம்பளிப்புழு மட்டும் வேறு ஜாதி. இரவில் இலையைத் தின்று, பகலில் அடிமரத்தில் கம்பளம் விரித்தாற்போல் கூட்டமாய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மயிர் பட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். பந்தம் கொளுத்தி அந்தக் கூட்டத்தைப் பொசுக்குவது நெடுங்காலப் பழக்கம். தோப்புக்கு அது சரி; ஓலைப்பந்தலும் மின்கம்பியும் நெருங்கிய நகரத்து வீடுகளுக்கு நாம் அதைச் சொல்லமாட்டோம். லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மீன் எண்ணெய்ச் சோப்பைக் கரைத்து அடிமரத்துக் கூட்டத்தின்மேல் பகலில் தெளித்தால் போதும். விழுந்தவற்றை நீண்ட துடைப்பத்தால் கூட்டிப் புதைத்துவிடலாம்.

கையால் எடுத்து மாளாத அளவுக்குச் சிறு புழுக்கள் மிகுந்திருந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் உதவும். ஆனி, ஆடியில் நமது தெருக்களிலேயே வேப்பம்பழம் உதிர்ந்து மிதிபட்டு வீணாகிறது. அதைப் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கவேண்டும். வெயில் அதன் வீரியத்தைக் கெடுக்கும். இதனால் புழு உடனே சாகாது. தின்பதை நிறுத்தும், வளர்ச்சி குன்றும். உடனே சாகவில்லையே என்று இரண்டாம் நாளே வேறு மருந்துக்கு ஓடுகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

கடைகளில் பி.டி. என்ற பெயரில் கிடைக்கும் நுண்ணுயிர்த் தூளும் உண்டு. இலையோடு அதைத் தின்ற இளம் புழு சில மணி நேரத்தில் தீனியை நிறுத்தி, இரண்டு மூன்று நாட்களில் இறக்கிறது. மனிதருக்கும் பறவைக்கும் தேனீக்கும் தீங்கில்லை. ஆனால் நெசவாளர்களாகிய நமது அங்கத்தினர்கள் இதன் வரலாற்றை அறிந்திருக்கவேண்டும். 1901-இல் ஜப்பானில் இஷிவாதா என்ற அறிஞர் பட்டுப்புழுக்கள் திடீரென்று மடிவதன் காரணத்தை ஆராய்ந்தபோது கண்டுபிடித்த நோய்க்கிருமி இதுவே. பின்னர் ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் மாவுப்பூச்சியின் புழுவில் பெர்லினர் என்பவர் இதைக் கண்டு, அப்பகுதியின் பெயரையே இதற்கு இட்டார். வேலிப்புழுவுக்கும் பட்டுப்புழுவுக்கும் இது வேற்றுமை பார்ப்பதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்க்கும் உறவினர் உள்ள அங்கத்தினர்கள் பலர். அவர்கள் தோட்டத்து வேலிக்கு இந்தத் தூளையோ வேறெந்தப் பூச்சிமருந்தையோ சிபாரிசு செய்து அனுப்பிவிடாதீர்கள். காற்றில் பறந்து மல்பெரி இலையில் படிந்த சிறிதளவே ஒரு தட்டுப் புழுவையும் மாய்க்கும். காஞ்சிபுரத்துத் தறிக்கு வரவேண்டிய நூல் அங்கேயே நின்றுவிடும்.

பழைய மருந்துப் பொடி வீட்டில் எங்கேனும் கிடந்தால் அதைப் பயன்படுத்தவேண்டாம். டி.டி.டி.யை விவசாயத்தில் உபயோகிப்பது நம் நாட்டில் 1989-இல் தடைசெய்யப்பட்டது. எண்டோசல்பானை 2011-இல் உச்சநீதிமன்றம் தடைசெய்தது. இவை வருமுன்பே தென்னாட்டுப் பூச்சிகளைப் பற்றிய நல்ல அறிவு இருந்தது. 1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளியே பின்னர் கோயம்புத்தூருக்கு மாறி, 1971-இல் பல்கலைக்கழகமாயிற்று. பிளெட்சர் எழுதிய தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய நூலைச் சென்னை அரசாங்க அச்சகம் 1914-இல் வெளியிட்டது. டி.வி. இராமகிருஷ்ண ஐயரின் கைந்நூல் 1940-இல் வந்தது. பூச்சியின் வாழ்க்கையை அறிந்தபின் கைவைப்பதே அந்தத் தலைமுறையினரின் முறை.

கத்தரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மழைக்கு முன் வேலி முழுவதையும் ஒரே நாளில் கத்தரித்தால் எங்கும் ஒரே சமயத்தில் தளிர் விட்டு, தாய்ப்பூச்சிக்கு விருந்து வைத்ததாகும். பாதியைப் புரட்டாசியிலும் மீதியை மார்கழி கழிந்தும் கத்தரிப்பது மேல். தை பிறந்ததும் வேலியடிச் சருகைக் கூட்டி எடுத்து, மண்ணை இரண்டு அங்குல ஆழம் கொத்திவிடுங்கள். தங்கியிருக்கும் கூட்டுப்புழுக்கள் வெளியே வரும். மற்றதை மைனாக்கள் பார்த்துக்கொள்ளும்.