இருபத்தேழு ஆவர்த்தனங்கள்

பெரிய ஜாஸ் கோஷ்டி ஒன்றில் டெனர் சாக்ஸஃபோன் வாசிப்பவருடைய உத்தியோகம், இரவின் பெரும்பகுதி, தனியாகக் காதில் விழாமல் இருப்பதுதான் என்று சொன்னால் வாசகர்கள் வியப்படையக்கூடும். மேடையில் ஐந்து சாக்ஸஃபோன்கள், மூன்று டிராம்போன்கள், நான்கு டிரம்பெட்டுகள், இவற்றோடு பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று 15 பேர் அமர்ந்திருக்க, சாக்ஸஃபோன்காரர் ஐவரும் ஒன்றாக மூச்சை வாங்கி ஒன்றாக விட்டு, ஆளுக்கொரு ஸ்வரமாக அடுக்கி வாசிக்கும்போது, கேட்பவருக்கு ஐந்து வாத்தியங்கள் தெரியலாகாது. ஒரே குரல்தான் தெரிய வேண்டும். வித்வான் நடுநாயகமாக வீற்றிருக்கப் பக்கவாத்தியங்கள் அவரை அநுசரித்துப் போகும் கச்சேரி முறைக்குப் பழகிய நமக்கு, வித்வான்களே வரிசையில் உட்கார்ந்து எதிரேயுள்ள காகிதத்தைப் பார்த்து வாசிப்பதும், தமக்குரிய சந்தர்ப்பம் வரும்போது மட்டும் எழுந்து நின்று சில நிமிஷங்கள் மனோதர்மத்தைக் காட்டிவிட்டு மறுபடியும் உட்கார்ந்துவிடுவதும் சற்று விசித்திரமாகவே தோன்றும்.

அவ்விதம் எழுந்து நின்றவர்களில் ஒருவர் பால் கொன்ஸால்வெஸ். கேப் வெர்டித் தீவுகளைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில், 1920-ஆம் வருஷம் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் பிறந்து, சிறு பிராயத்தில் கிதார் பழகி, பின்னர் சாக்ஸஃபோனைக் கைக்கொண்டு, கௌண்ட் பேஸி, டிஸ்ஸி கில்லஸ்பி ஆகிய இருவருடைய கோஷ்டிகளிலும் வேலை பார்த்த பிறகு, 1950-ல் அவர் ட்யூக் எலிங்டனிடம் வந்து சேர்ந்தார். எலிங்டனுக்கு ஒரு வழக்கம் உண்டு: கோஷ்டிக்காக எழுதும் காகிதங்களின் தலைப்பில் வாத்தியத்தின் பெயரைப் போடாமல், வாசிப்பவருடைய பெயரையே போடுவார். ஆல்டோ சாக்ஸஃபோனுக்கு என்று அவர் எழுதவில்லை. குழைந்து வழுக்கி இறங்கும் ஜானி ஹாட்ஜஸின் நாதத்துக்கு என்று எழுதினார். பாரிடோன் சாக்ஸஃபோனுக்கு என்று எழுதவில்லை. 1927 முதல் தம்மை விட்டு நீங்காத ஹாரி கார்னியின் கனத்த குரலுக்கு என்று எழுதினார். ஆகையால் அந்தக் கோஷ்டியில் ஒரு நாற்காலி காலியானால், ஆள் மட்டுமல்ல, ஒரு வர்ணமே குறைந்து போகும்.

ஆனால் அந்த நாற்காலியின் வாழ்க்கை சுகமானதன்று. இன்று ஓர் ஊர், நாளை முந்நூறு மைலுக்கு அப்பால் வேறோர் ஊர் என்று வருஷம் முழுவதும் பிரயாணம். நிற வேற்றுமை தாண்டவமாடிய தென் மாகாணங்களில் கறுப்பு வித்வான்களுக்கு ஹோட்டல்களில் இடமில்லாமையால், 1930-களில் எலிங்டன் தனி ரயில் பெட்டிகளை அமர்த்திக்கொண்டு, அவற்றிலேயே தம்முடைய ஆட்களை உண்ணவும் உறங்கவும் செய்தது உண்டு. யுத்தத்துக்குப் பிறகு நிலைமை வேறு விதமாக மோசமாயிற்று. நடன மண்டபங்கள் மூடப்பட்டன. 15 பேருக்குச் சம்பளம் கொடுப்பதைவிட நான்கைந்து பேர் கொண்ட சிறு கோஷ்டியை அழைப்பது லாபம் என்று கிளப் முதலாளிகள் கண்டுகொண்டார்கள். பெரிய கோஷ்டிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. தம் பாட்டுகளின் உரிமைத் தொகையைக் கொண்டே கோஷ்டியைக் காப்பாற்றி வந்த எலிங்டனும், 1955-ஆம் வருஷக் கோடையில், நியூயார்க்கில் நீர் விளையாட்டுக் காட்சி ஒன்றுக்குப் பின்னணி வாசிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

இந்த நிலையில்தான் நியூபோர்ட் விழா குறுக்கிட்டது. ரோட் ஐலண்ட் மாகாணத்தில், கோடீசுவரர்களின் கோடை மாளிகைகள் கடலைப் பார்த்து நிற்கும் அந்தச் சிறு நகரில், ஜார்ஜ் வைன் என்பவர் 1954-ல் திறந்த வெளியில் ஒரு ஜாஸ் விழாவைத் தொடங்கியிருந்தார். புகை மண்டிய கிளப்பில், பாதிப் பேர் பேசிக்கொண்டிருக்க வாசித்துப் பழகியவனுக்கு விழா மேடை ஒரு புதிய உலகம். ஆயிரக்கணக்கானவர்கள் கேட்பதற்கென்றே சீட்டு வாங்கி வந்திருப்பார்கள். ஆனால் அங்கே காத்திருத்தல் அதிகம், கிடைக்கும் நேரம் குறைவு. 1956 ஜூலை 7-ஆம் தேதி, சனிக்கிழமை இரவு, ஃப்ரீபாடி பார்க் மைதானத்தில் எலிங்டனுக்கு அதுதான் நேர்ந்தது. கோஷ்டியில் நால்வர் வந்து சேராத நிலையில், முதலில் இரண்டு மூன்று உருப்படிகளை வாசித்துவிட்டு இறங்கியவர்கள், மற்றவர்களெல்லாம் வாசித்து முடிக்கும்வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்கள். தாங்கள் என்ன சர்க்கஸ் மிருகங்களா என்று எலிங்டன் சீறினாராம். மறுபடி மேடை ஏறியபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. ஜனங்களில் சிலர் வீடு திரும்பத் தொடங்கியிருந்தார்கள்.

விழாவுக்கென்று இயற்றிய புதிய உருப்படியை வாசித்து, மரியாதையான கரகோஷத்தையும் பெற்றுக்கொண்ட பிறகு, எலிங்டன் 1937-ல் தாம் இசைத்தட்டின் இரு பக்கங்களுக்காக எழுதிய இரட்டை உருப்படி ஒன்றை எடுத்தார். முதற் பகுதி படிப்படியாகத் தணிந்து இறங்கும். இரண்டாம் பகுதி படிப்படியாகப் பொங்கி எழும். இரண்டுக்கும் இடையே பாலமாகக் கொன்ஸால்வெஸ் தனியாக வாசிக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது அவர் இஷ்டம். அந்தப் பாலம் ப்ளூஸ் என்னும் அமைப்பில் ஆனது. நான்கு அடி கொண்ட கட்டுகள் 12 சேர்ந்தது ஒரு சுற்று. அதை நாம் ஆவர்த்தனம் என்றே வழங்கலாம். ஸ்வரக் கூட்டுகள் மாறும் முறை ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றே. அதன்மேல் கற்பனை செய்வது மட்டும் வாசிப்பவர் பொறுப்பு. சாதாரணமாக ஒருவர் நான்கைந்து சுற்று வாசித்துவிட்டு அமர்வார். கொன்ஸால்வெஸ் அன்று கண்களை மூடிக்கொண்டு 27 சுற்றுகள், அதாவது 324 கட்டுகள், ஏறக்குறைய ஆறு நிமிஷம் இடைவிடாமல் வாசித்தார்.

ஆனால் அதை அவர் மட்டும் வாசித்தார் என்று சொல்வது முழு உண்மையாகாது. பின்னால் டிரம்ஸில் சாம் உட்யார்டும் பாஸில் ஜிம்மி வூடும் இம்மியும் பிசகாத நடையைப் பிடித்து நிறுத்தினார்கள்; பியானோவிலிருந்து எலிங்டன் உரக்கக் குரல் கொடுத்துத் தூண்டிக்கொண்டே இருந்தார். கௌண்ட் பேஸியின் கோஷ்டியில் புகழ் பெற்ற டிரம்ஸ் வித்வானான ஜோ ஜோன்ஸ், மேடையின் ஓரத்தில் இருந்துகொண்டு, சுருட்டிய பத்திரிகைத் தாள் ஒன்றால் மேடையைத் தட்டித் தாளம் போட்டார். அவர் முகம் பார்த்துக் கோஷ்டிக்கே சூடு பிறந்தது. ஏழெட்டுச் சுற்றுகள் ஆனதும், முன்னிருக்கைகளில் இருந்த கறுப்பு உடை அணிந்த பொன்னிறக் கூந்தல் பெண்மணி ஒருத்தி எழுந்து ஆட ஆரம்பித்தாள். அவளைப் பார்க்க எழுந்தவர்கள் பிறகு உட்காரவே இல்லை. போனவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள். சுமார் ஏழாயிரம் பேர் நாற்காலிகளின்மேல் ஏறி நின்று ஆரவாரித்தார்கள். கலவரம் மூண்டுவிடுமோ என்று அஞ்சிய ஜார்ஜ் வைன் நிறுத்தும்படி சைகை காட்ட, எலிங்டன் விரலை ஆட்டி அவரை அடக்கிவிட்டு, பிறகு ஹாட்ஜஸின் சாந்தமான வாசிப்பைக் கொண்டு கூட்டத்தின் ஆவேசத்தைத் தணித்தார்.

அடுத்த மாதமே எலிங்டனுடைய படம் 'டைம்' பத்திரிகையின் அட்டையை அலங்கரித்தது. தாம் பிறந்ததே நியூபோர்ட்டில்தான் என்று அவர் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் தினக்கூலிக்காரனைப் போல் மறுநாளும் பஸ் ஏற வேண்டிய கொன்ஸால்வெஸுக்கு அந்த ஆறு நிமிஷம் ஒரு பாரமாகவும் ஆயிற்று. மெதுவான காதற் பாட்டுகளை மூச்சும் நாதமும் ஒன்றாய்க் கரையும்படி வாசிப்பதில்தான் அவருடைய உண்மையான மேன்மை விளங்கியது. ஜனங்களோ போன இடமெல்லாம் அந்த நீண்ட ஓட்டத்தையே கேட்டார்கள். 1963-ல் அமெரிக்க அரசாங்கத்தின் சார்பில் அந்தக் கோஷ்டி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தபோது அவரும் உடன் வந்திருந்தார். மதுப் பழக்கமும் மற்றப் போதைகளும் அவரை வாட்டின. ஆயினும் 1974 மே 15-ஆம் தேதி லண்டனில் காலமாகும்வரை அவர் எலிங்டனின் ஆளாகவே இருந்தார். மரணப் படுக்கையில் இருந்த எலிங்டனிடம் அந்தச் செய்தியைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை; ஒன்பது நாள் கழித்து அவரும் போய்விட்டார்.

இனி, அந்த இரவின் வாசிப்பைத் தாங்கி வந்த இசைத்தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அன்று மேடையில் கொலம்பியா கம்பெனி ஒலிப்பதிவுக்காக ஒரு மைக்கும், 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலி ஒரு மைக்கும் வைத்திருந்தன. கண்ணை மூடிக்கொண்டு வாசித்த கொன்ஸால்வெஸ் வானொலியின் மைக்குக்கு முன்னால் நின்றுவிட்டார். ஆகவே கம்பெனி வெளியிட்ட தட்டில் அவருடைய சாக்ஸஃபோன் எங்கோ எட்டத்திலிருந்து கேட்பதுபோல் மங்கலாகத்தான் ஒலித்தது. வானொலியின் நாடா 1990-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் அகப்பட்டு, இரண்டையும் இணைத்து 1999-ல் புதிய பதிப்பு வந்தபோதுதான், அவர் காலமாகி 25 வருஷங்களுக்குப் பிறகு, அவருடைய மூச்சை ஜனங்கள் அருகிலிருந்து கேட்டார்கள். இதற்கிடையே நாற்பது வருஷங்களுக்கு மேலாக அவர்கள் கேட்டது என்ன? டிரம்ஸின் நடை, பாஸின் துடிப்பு, எலிங்டனின் கூவல், ஏழாயிரம் பேரின் ஆரவாரம், இவற்றுக்கு நடுவே முங்கி முங்கி எழும் ஒரு சாக்ஸஃபோன். எலிங்டன் வெளியிட்டவற்றிலேயே மிக அதிகமாக விற்ற தட்டு அதுதான்.