சாராள் என்னும் பெயர்

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் இருவகையாகப் பகுப்பர் நம் இலக்கண நூலார். நெடுங்காலம் வழங்கிப் பொருள் மறைந்தமையால், காரணப்பெயர் பலவும் இடுகுறிபோலவே நம் செவியில் ஒலிக்கின்றன. தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களிற் பெண்மக்கட்கு இடப்பெறும் 'சாராள்' என்னும் பெயரும் அத்தகையதே. அதன் பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இப்பெயர் எபிரேய மொழிக்குரியது. அம்மொழியிற் 'சார்' என்பது தலைவன், பிரபு, அதிகாரி எனப் பொருள்படும் ஆண்பாற்சொல். படைத்தலைவனும், பார்வோனுடைய பானபாத்திரக்காரரின் தலைவனும் எபிரேய வேதத்தில் இச்சொல்லாலேயே குறிக்கப்பெறுகின்றனர். இதன் பெண்பால் 'சாரா'; தலைவி, பெருமாட்டி என்பது பொருள். பண்டைப் பாபிலோனில் வழங்கிய அக்காடிய மொழியில், இதற்கு இனமான 'ஷர்ரு' அரசனையும் 'ஷர்ரத்து' அரசியையும் குறித்தன. எபிரேயத்திலோ அரசனுக்கு 'மெலேக்' என வேறு சொல் உண்டு. ஆதலின், சாரா என்பதற்கு முடிசூடிய அரசி என்பதினும் ஆணை செலுத்துந் தலைவி என்பதே பொருந்தும். இக்காலத்து இஸ்ரவேல் நாட்டிலும் அமைச்சர் 'சார்' எனவும், பெண் அமைச்சர் 'சாரா' எனவும் வழங்கப்பெறுகின்றனர்.

ஆபிரகாமின் மனைவி சாராய், சாராள் எனப் பெயர் மாற்றம் பெற்ற வரலாறு ஆதியாகமம் 17-ஆம் அதிகாரத்தில் உள்ளது. சாராய் என்பதற்கு 'என் தலைவி' எனப் பொருள் கூறுவாரும் உளர். அஃது அதே சொல்லின் பழைய வடிவம் என்பர் மொழிநூலார் பலர். வேதத்தைத் தமிழிற் பெயர்த்தோர், ரெபெக்காள், மரியாள் என்றாற்போல, ளகர மெய்யைப் பெண்பால் ஈறாகச் சேர்த்துச் சாராள் என்றனர். இறுதியில் ஒலிக்கும் 'ஆள்' ஆளுதலை நினைப்பிப்பது இனிதேயாயினும், அது வெறும் ஒலியொப்புமையே.

இப்பெயரைப் பெற்றபோது அவளுக்கு அகவை 90. மகப்பேறு இல்லை, நாடில்லை, கூடாரமே மனை. அவள் வழியில் அரசர் தோன்றுவர் என்னும் வாக்குறுதி ஒன்றே இருந்தது.

இத்துணை உயர்ந்த பெயரையும் இழிவுக்குக் கருவியாக்கியோர் உண்டு. ஜெர்மனியின் நாஜி அரசு 1938 ஆகஸ்டு 17-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. யூதர்க்குரியவை என அரசு வகுத்த பெயர்களுள் ஒன்றைத் தாங்காத யூதப் பெண்டிர், 1939 ஜனவரி 1 முதல் தம் பெயரோடு 'சாரா' என்பதையுஞ் சேர்த்து எழுதல் வேண்டும் என்றது அவ்வாணை. ஆடவர்க்கு 'இஸ்ரவேல்' என்பது விதிக்கப்பட்டது. தலைவி என்னும் பொருளுடைய சொல், ஒதுக்கப்பட்டோரைக் காட்டும் முத்திரையாயிற்று. 1945-இல் அச்சட்டம் ஒழிந்தது.

இதனால் நாம் அறிவது யாது? அகராதி தரும் பொருள் ஒன்று. அழைப்போரின் உள்ளம் தரும் பொருள் மற்றொன்று. பெண்மகவுக்குச் சாராள் என்றும், அரசி என்றும், ராணி என்றும் ஆர்வத்தோடு பெயரிடுகின்றோம். வளர்ந்தபின் அவள் சொல்லுக்கு வீட்டில் மதிப்பும், அவள் அறிவுக்குக் கல்வியும் அளிப்போமாயின் அது காரணப்பெயர் ஆகும். அளியாதொழியின், எத்துணை அழகிய பெயராயினும் அது இடுகுறியாகவே நின்றுவிடும்.