கடைசியில் நிற்பவனுக்கு முதல் அழைப்பு!

திருவாலங்காட்டுக்கு ஒரு கூட்டத்திற்காகச் சென்றிருந்தோம். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர். சுற்றிலும் கரும்பு. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. இராசேந்திர சோழனின் செப்பேடு கிடைத்த ஊர் என்று வரலாறு பேசும். ஆண்டவன் ஆடிய ஊர் என்று புராணம் பேசும். ஆனால், அன்றிரவு அங்கே இளைஞர் பேசியது வேறு பேச்சு!

வண்டிக்காகக் காத்திருந்தோம். நிலையத்தருகே தேநீர்க் கடையில் ஏழெட்டு இளைஞர்கள். கையிலே கைப்பேசி, வாயிலே கோடி! "அவன் பத்துக் கோடிக்குக் குறையமாட்டான்" என்கிறான் ஒருவன். "இவனை முதல் சுற்றிலேயே கொத்திக்கொண்டு போவார்கள்" என்கிறான் மற்றொருவன். ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலத்தைப் பற்றிய ஆரூடம்! அமெரிக்காவிலும் இப்படித்தான், அங்கே கால்பந்துக்காரர்களை ஏலம் இல்லாமலே எடுக்கிறார்கள் என்று இன்னொருவன் தன் கைப்பேசியைக் காட்டுகிறான். கரும்புத் தோட்டத்தோரம் நாள்தோறும் பந்து வீசுகிறவனாம் ஒரு தம்பி. அதுவரை வாய் திறவாதிருந்தவன், நம்மைப் பார்த்துக் கேட்டான்:

"அண்ணே, இந்தப் பட்டியல்ல நம்ம ஊர்க்காரன் பேரு எப்பண்ணே வரும்?"

வண்டி வந்துவிட்டது. ஏதோ சொல்லிவிட்டு ஏறினோம். சொன்னது போதாது என்று நெஞ்சு உறுத்திற்று. ஆகவே இதை எழுதுகிறோம்.

அமெரிக்கக் கால்பந்து என்பது பெயரளவில்தான் கால்பந்து. பந்தைக் கையால் எறிவார்கள், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். கால் படுவது எப்போதோ! அந்த ஆட்டத்திற்கு 32 தொழில்முறை அணிகள். ஆண்டுதோறும் ஏப்ரல் திங்களில், கல்லூரிகளில் ஆடிப் பழகிய இளைஞர்களை 7 சுற்றுகளில் இவ்வணிகள் பங்கிட்டுக்கொள்ளும். 'டிராஃப்ட்' என்று அதற்குப் பெயர்.

பங்கீட்டின் விதியைக் கேளுங்கள். சென்ற ஆண்டு வாகை சூடிய அணி முதலில் வந்து பொறுக்கியெடுக்கலாமா? கூடாது! அது முதற்சுற்றின் கடைசியில் நிற்க வேண்டும். எல்லோரிடமும் உதைபட்டு அடித்தட்டில் கிடந்த அணி எதுவோ, அதுவே முதலில் வந்து நாட்டிலேயே சிறந்த வீரனை அழைத்துக்கொள்ளலாம். முறையை மாற்றிக்கொள்ளலாம்; ஆனால் மூல விதி அதுதான். கடைசியில் நிற்பவனுக்கு முதல் உரிமை!

இதை எழுதியவர்கள் பொதுவுடைமைக்காரர்களா? அல்லர். டாலர் தேசத்து முதலாளிகள்! பிலடெல்பியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935-இல் முன்மொழிந்தார். 1936-இல் முதல் தேர்வு நடந்தது. அவருடைய அணி அப்போது தோற்றுத் தோற்றுத் துவண்டிருந்த அணி. பணக்கார அணிகள் ஏன் ஒப்புக்கொண்டன? இரக்கமா? இல்லை, கணக்கு! ஒரே அணி என்றென்றும் வென்றால் ஆட்டத்தில் சுவை ஏது? கூட்டம் ஏது? வசூல் ஏது? தாழ்ந்தவனைத் தூக்கிவிட்டால்தான் உயர்ந்தவனுக்கும் பிழைப்பு என்பதைப் பணமே அவர்களுக்குப் பாடம் புகட்டிற்று.

குறை இல்லாத முறை என்று நாம் கூறவில்லை. தன்னை அழைத்த அணிக்குத்தான் வீரன் போக வேண்டும். அவன் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. ஆயினும், சமவாய்ப்பு வேண்டுமானால் கடைசியில் இருப்பவனுக்கு முன்னுரிமை வேண்டும் என்ற தத்துவம் அங்கே எவருடைய தூக்கத்தையும் கெடுக்கவில்லை. அதே தத்துவத்தை இங்கே நாம் சொன்னால்? "ஐயோ, தகுதி போச்சே! திறமை போச்சே!" என்று ஒப்பாரி!

அந்தத் தகுதியை அளக்கும் கோலைச் சற்றே பார்ப்போமா?

தேர்வு நாளுக்குப் பல மாதங்களுக்கு முன்பே அங்கே ஆரூடக்காரர் கடை விரித்துவிடுவர். முதற்சுற்றில் எவன், எத்தனையாவது இடத்தில் என்று பட்டியல்மேல் பட்டியல். வீரனின் உயரம், எடை, கை நீளம், 40 கெஜ ஓட்டம் எல்லாம் அளப்பார்கள். 12 நிமிடத்தில் 50 கேள்விக்கு விடை எழுதும் அறிவுச் சோதனைகூட நெடுங்காலம் இருந்தது, 2022-இல் கைவிட்டார்கள்.

இவ்வளவு அளந்தும் நடந்தது என்ன? 2000-ஆம் ஆண்டில் டாம் பிராடி என்ற இளைஞர் 40 கெஜத்தை 5.28 நொடியில் ஓடினார். ஆமை என்றனர். 198 பேரை அழைத்த பிறகே அவரை அழைத்தனர். அவரோ ஏழு முறை வாகை சூடினார்! 1998-இல் இரண்டாவதாக அழைக்கப்பட்ட ரயன் லீஃப் சில ஆண்டுகளிலேயே களத்தைவிட்டு அகன்றார். 2022-இல் கடைசி ஆளாக, 262-ஆவதாக அழைக்கப்பட்டவர் பிராக் பர்டி. கடைசி ஆளுக்குப் 'பொருட்படுத்தத் தகாதவர்' என்று கேலிப் பெயர் சூட்டுவது அங்கே வழக்கம். 2024 பிப்ரவரியில் அந்தத் தகாதவர்தான் தம் அணியை இறுதி ஆட்டம்வரை அழைத்துச் சென்றார். 2025-இல் முதற்சுற்றிலேயே போவார் என்று பலர் அடித்துக் கூறிய ஷெடூர் சாண்டர்ஸ், ஐந்தாம் சுற்றில் 144-ஆவதாகப் போனார். மேதாவிகளின் முழக்கோல் இவ்வளவுதான்!

அளவுகோல் தவறுவது ஒரு வகை. அளக்கவே மறுப்பது மற்றொரு வகை. 1936-இல் தொடங்கிய தேர்வில் முதல் கறுப்பின வீரர் அழைக்கப்பட்டது எப்போது? 1949-இல்! ஜார்ஜ் டாலியஃபெரோ, அதுவும் 13-ஆம் சுற்றில். அதற்கு முன் கறுப்பருக்கு ஓடத் தெரியாதா? எறியத் தெரியாதா? தெரியும். அழைக்க மனம் இல்லை!

அமெரிக்காவை ஏசிவிட்டு நாம் தப்பிவிட முடியுமா? 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் பல்வங்கர் பாலு 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தவர். இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கே 1923-இல் அது கிட்டிற்று. பந்துக்குச் சாதி தெரியவில்லை. பட்டியல் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது!

இனி நம் நாட்டு ஏலத்திற்கு வருவோம். இங்கே கடைசி அணிக்கு முதல் உரிமை என்பதில்லை. பணப்பைக்கு உச்சவரம்பு மட்டும் உண்டு. ஆரூடம் பொய்ப்பதில் மட்டும் குறைவில்லை. சென்னை இளைஞர் சாய் சுதர்சன் 2022-இல் அடிப்படை விலையான 20 லட்சத்திற்கே எடுக்கப்பட்டார். 2025-இல் 759 ஓட்டங்கள் குவித்து எல்லோரையும் முந்தினார். வருண் சக்கரவர்த்தியை 2018 டிசம்பரில் 8 கோடியே 40 லட்சத்திற்கு எடுத்தார்கள். அடுத்த பருவத்தில் அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். தோற்றார் என்றனர். 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் மூன்றே ஆட்டங்களில் 9 விக்கெட்டுகள் வீழ்த்தினார்!

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராசன் கதை நம் தம்பியின் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. தாய் சாலையோரம் கோழிக்கறி விற்றவர். மகன் டென்னிஸ் பந்தில் எறிந்து பழகியவர். அவர் பெயர் எந்த ஆரூடப் பட்டியலில் இருந்தது? 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்ற மேடை அமைந்தது, அதில் ஏறினார், பார்த்தார்கள். 2017-இல் 10 லட்சம் அடிப்படை விலையில் நின்றவரை 3 கோடிக்கு அழைத்தார்கள். 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். மேடை வந்தது, திறமை தெரிந்தது. மேடைக்கு முன்னரும் திறமை இருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை!

மீண்டும் திருவாலங்காட்டுக்கு வருவோம். இவ்வூர்ப் புராணமும் ஒரு போட்டியைத்தான் சொல்கிறது. காளிக்கும் சிவனுக்கும் நடனப் போட்டியாம். ஆட்டத்துக்கு ஆட்டம் ஈடு கொடுத்தாளாம் காளி. பார்த்தார் பரமசிவன், காலைத் தலைக்கு மேலே தூக்கினார். பெண் அப்படித் தூக்க நாணி நின்றாள். தோற்றாள் என்று தீர்ப்பு! இதை நம்புங்கள் என்று நாம் கூறவில்லை. கதையில் உள்ள சூழ்ச்சியை எண்ணிப்பாருங்கள் என்கிறோம். ஆடத் தெரியாமலா தோற்றாள்? அவளால் செய்ய இயலாததையே அளவுகோலாக்கியதால் தோற்றாள்!

இன்று காலைத் தூக்கும் அந்த அளவுகோலுக்குப் பெயர் 'நீட்'. நுழைவுத் தேர்வு வேண்டாம் என்று 2006-இல் தமிழகம் சட்டம் செய்தது. 2017-இல் 'நீட்' வந்து குந்திற்று. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பை ஒரு பிற்பகலில் அளக்கிறது. பயிற்சி நிலையத்திற்குப் பணம் கட்ட இயலாதவனைப் பார்த்துத் தகுதி இல்லை என்கிறது. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு மருத்துவ இடம் என்று 2020-இல் சட்டம் வந்ததே, அது என்ன? கடைசியில் நின்றவனுக்கு ஓர் அழைப்பு! 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி பிறப்பித்த வகுப்புரிமை ஆணை என்ன? அதுவும் அதே அழைப்பு! டாலர் முதலாளி 1935-இல் கண்டுபிடித்ததை நம் முன்னோர் அதற்கும் முன்பே ஆணையாக எழுதி வைத்தனர்.

ஆகவே, தேநீர்க் கடைத் தம்பி! உன் பெயர் எப்போது வரும் என்று எந்த ஆரூடக்காரனையும் கேளாதே. அவனுக்குத் தெரியாது; பிராடியையே தெரியாதவன் அவன்! ஆனால், உன் ஊரில் ஓர் ஆடுகளம் உண்டா, பள்ளியில் பயிற்சியாசிரியர் உண்டா, மாவட்டத் தேர்வு நடக்கும் நாள் உனக்குத் தெரிவிக்கப்படுகிறதா என்று கேள். ஊராட்சியைக் கேள். சட்டமன்ற உறுப்பினரைக் கேள். நம் கட்சிக்காரனாயினும் விடாதே, கேள்! நடராசன் 2023-இல் தம் சொந்த ஊரிலேயே மைதானம் அமைத்துத் தந்தார். தனி மனிதர் ஒருவரால் முடிந்தது, அரசால் முடியாதா?

பந்தை விடாமல் எறி, தம்பி. பட்டியல் போடுகிறவர்களை நாங்களும் விடப்போவதில்லை.