ஆமைக்கு நீங்கதான் வாத்தியார்!

குட்டீஸ், பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேபில் என்ன செய்வீர்கள்? சொன்ன பட்டனை அழுத்துவீர்கள். கம்ப்யூட்டர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வீர்கள். அதாவது, கம்ப்யூட்டர் வாத்தியார், நீங்கள் மாணவர்.

'இதைத் தலைகீழாக மாற்றினால் என்ன?' என்று கேட்டார் ஒருவர். அவர்தான் சேமூர் பேப்பர்ட். 1928ல் தென் ஆப்பிரிக்காவில் பிறந்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.,யில் பணியாற்றிய கணித அறிஞர். 1967ல் இவரும் நண்பர்களும் சேர்ந்து, சிறுவர்களுக்கென்றே, 'லோகோ' என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினர். அப்போது ஒரு கம்ப்யூட்டர் விலைக்கு வீடே வாங்கலாம். 'அதைப் பசங்களிடம் கொடுப்பதா!' என்று பலரும் சிரித்தனர்.

சில ஆண்டுகளில் லோகோவுக்கு ஓர் ஆமை வந்தது. நிஜ ஆமை இல்லை. சக்கரம் வைத்த குட்டி ரோபோ. வயிற்றில் ஒரு பேனா. தரையில் காகிதத்தை விரித்து, 'முன்னே 100' என்று கட்டளை கொடுத்தால் கோடு போட்டபடி நகரும். 'வலது 90' என்றால் நின்ற இடத்திலேயே திரும்பும். இரண்டையும் நான்கு முறை சொன்னால் சதுரம் ரெடி!

சரி, சம பக்க முக்கோணம்? 'அதன் கோணம் 60 டிகிரிதானே' என்று, 'வலது 60' கொடுப்பீர்கள். (நானும் அப்படித்தான் நினைத்தேன்!) மூன்று கோடு போட்டும் முக்கோணம் மூடாது, பாதி அறுகோணம்தான் கிடைக்கும்.

ஏன்? சாக்பீஸால் வாசலில் ஒரு முக்கோணம் வரைந்து, அதன் மேலேயே நடந்து பாருங்கள். மூலைக்கு வந்ததும் உங்கள் முகம் நேராக வெளியே பார்க்கும். அடுத்த கோட்டுக்கு வர நன்றாகத் திரும்பியாக வேண்டும். 180ல் 60 போனால் 120. அதுதான் விடை. ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. அதில் மூன்றில் ஒரு பங்கு.

பரீட்சையில் 60 என்று எழுதியிருந்தால், சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, கதை முடிந்தது. ஆமையிடம் மார்க் போகாது. எங்கே இடித்தது என்று தேடி, 60ஐ அழித்து 120 போட வேண்டியதுதான். பேப்பர்ட் ஆசைப்பட்டது இதற்குத்தான்.

அவர் 2016ல் மறைந்தார். ஆமை இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. 'பைத்தான்' மொழியிலும் 'டர்ட்டில்' என்ற பெயரில் இருக்கிறது. அடுத்த லேப் வகுப்பில் டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள்.

அதற்குள் ஒரு கணக்கு: கையை எடுக்காமல் ஐந்து முனை நட்சத்திரம் போட, ஒவ்வொரு முனையிலும் ஆமை எத்தனை டிகிரி திரும்ப வேண்டும்? ஒரு க்ளூ: ஐந்து முனையும் முடிவதற்குள் அது இரண்டு முழுச் சுற்று சுற்றிவிடும்!