அரக்குப் பட்டு விழித்துக்கொள்ளும் அறை

வாருங்கள், வாருங்கள், விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டு உட்காருங்கள்! கல்யாண ஆல்பம் உருவாகும் எடிட்டிங் அறை இதுதான். திரையில் முகூர்த்தப் படம். அரக்குப் பட்டு, வாழைமரம், மாலையில் ரோஜா, எல்லாம் இருந்தும் எல்லாமே சோர்ந்து தெரிகின்றன. கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் இப்படித்தான் சாதுவாக வந்து நிற்கும். கேமராவே நிறத்தைக் கூட்டிக் கொடுப்பது ஜேபெக்கில்தான்.

எடிட்டர் நமக்காக, எல்லா நிறத்தையும் ஒன்றாக ஏற்றும் சாச்சுரேஷன் ஸ்லைடரை ஒரே இழுப்பாக இழுத்துக் காட்டுகிறார். அடடா, பட்டு பற்றிக்கொண்டு எரிகிறது! முந்தானையைப் பெரிதாக்கினால்தான் விஷயம் தெரிகிறது. சிவப்புச் சேனல் 255இல் போய் முட்டி நிற்கிறது. அதற்குமேல் அதற்கு இடமே இல்லை. மடிப்பெல்லாம் மறைந்து ஒரே சிவப்புத் திட்டு. பெண்ணின் முகமும் ஆரஞ்சு.

உடனே அந்த ஸ்லைடரைப் பழையபடி வைத்துவிட்டு வைப்ரன்ஸுக்குப் போகிறார். 2007இல் லைட்ரூம் மென்பொருளோடு வந்த இந்த ஸ்லைடர் வெளிறிய நிறங்களைத் தேடித் தூக்கும். அடர்ந்தவற்றையும் சருமத்தையும் அதிகம் சீண்டாது. வாழையிலை துளிர்க்கிறது, முகம் முகமாகவே இருக்கிறது!

ஆனால் என்னைத் துள்ள வைத்தது அடுத்த வித்தை. போட்டோஷாப்பில் படத்தை லேப் மோடுக்கு மாற்றுகிறார். எல் சேனலில் வெளிச்சம் மட்டும். ஏ சேனலில் பச்சையும் மஜெந்தாவும் இழுபறி. பி சேனலில் நீலமும் மஞ்சளும். கோட்டை வளைத்து நிறத்தை மாற்றும் கர்வ்ஸைத் திறந்து, ஏ, பி இரண்டிலும் கோட்டின் இரு முனைகளையும் ஒரே அளவு உள்ளே நகர்த்துகிறார். கோடு நிமிர்கிறது, நடுப்புள்ளி அசையவில்லை. அதனால் வெள்ளை வேட்டி வெள்ளையாகவே நிற்க, ஒட்டிக்கிடந்த பச்சைகள் பிரிந்து வருகின்றன பாருங்கள்! தளிர் வேறு, முற்றிய இலை வேறு, மாலையின் துளசி வேறு. அரக்குக்குள் ஒளிந்திருந்த ஊதாச் சாயல்கூட எட்டிப்பார்க்கிறது. டான் மார்குலிஸ் என்ற அமெரிக்கர் 2005இல் லேபுக்கென்றே முழுப் புத்தகம் எழுதியது வீண்போகவில்லை.

கடைசியில், அச்சுத்தாளில் வராத நிறங்கள் எவை என்று ஒரு சோதனை. ஆல்பம் கிளம்பிவிட்டது.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஸ்டுடியோவில் பேசும்போதே ரா ஃபைல்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384!